டிராக்டர் பின் சக்கரத்துக்கு வீட்டிலேயே சிமெண்ட் வெயிட் வார்க்கலாமா?

மேட்டுக்காடு | சனி, காலை 5.50

வணக்கம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் போகிற பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர். செம்மண், பாதிக்குப் பாதி சரளை, ஒரு பக்கம் ஏற்றம். டிராக்டர் 39 குதிரைத்திறன், மூன்றாம் கையாக வாங்கியது. பின் டயர் 13.6-28. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி ஏற்றத்தில் விட்டால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. போன வாரம் கிழக்கு மூலையில் சக்கரம் தோண்டிய குழியில் எங்கள் நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சறுக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் மாட்டும் இரும்பு வெயிட்டை முன்பு வைத்திருந்தவர் கழற்றி விற்றுவிட்டார் போல. சக்கரத்தின் நடுத் தட்டில் (டிஸ்க்) வெயிட் மாட்டும் ஓட்டைகள் மட்டும் துருவேறி இருக்கின்றன. புதிய வெயிட் என்ன விலை என்று கேட்டேன், கேட்டதோடு சரி. அதனால் சிமெண்ட்டில் நாமே வார்த்துவிடலாம் என்று யோசனை. பெரிய பிளாஸ்டிக் தொட்டிதான் அச்சு, நடு ஓட்டைக்குப் பெயிண்ட் வாளி. இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி வைத்தாயிற்று. ஒரு சக்கரத்துக்கு நூறு கிலோவாவது வேண்டும் என்று கணக்கு. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

சும்மா பார்க்கிறேன் | சனி, காலை 6.15

எதற்கு இவ்வளவு சிரமம்? கலப்பை மேல் இரண்டு பேரை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் ஊரில் அப்படித்தான்.

லேத் பட்டறை | சனி, காலை 7.02

மேலே எழுதியவருக்கு முதலில் பதில். கலப்பையில் ஆள் உட்காருவது வேண்டவே வேண்டாம். கொழு (மண்ணைக் கிழிக்கிற இரும்பு முனை) ஒரு கல்லில் இடித்தால் கலப்பை குதிக்கும், உட்கார்ந்திருப்பவன் கொழுவுக்கு முன்னால் விழுவான், டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று அடி போயிருக்கும். என் பட்டறைக்கு வெல்டிங் வைக்க வந்த கலப்பையில் காய்ந்த ரத்தம் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

தம்பி மேட்டுக்காடு, சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதே. வெயிட் குறைவு என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். சக்கரம் சுற்றுவதற்கு வெயிட் மட்டும் காரணமில்லை. டயர் பட்டன், அதான் மண்ணைப் பிடிக்கிற ரப்பர் மேடு, எவ்வளவு மிச்சம்? கொழு எப்போது மாற்றினாய்? காற்று எத்தனை பிஎஸ்ஐ? உழும்போது எந்த லீவரில் ஓட்டுகிறாய்? நாலுக்கும் பதில் சொல், அப்புறம் பேசலாம்.

மேட்டுக்காடு | சனி, காலை 7.40

அண்ணா, பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. கொழு வாங்கியதிலிருந்து மாற்றவில்லை, முனை மொண்ணையாகத்தான் இருக்கிறது. காற்று 22, டிரெய்லரும் ஓட்டுவதால் அப்படியே விட்டுவிட்டேன். லீவர் பற்றிக் கேட்டது புரியவில்லை. கலப்பையை இறக்குவது ஏற்றுவது எல்லாம் ஒரே லீவர்தான். பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் தொட்டதில்லை.

லேத் பட்டறை | சனி, காலை 8.05

நினைத்தேன். அந்தத் தொடாத லீவர்தான் டிராஃப்ட் லீவர். சேலம் ஜில்லாவில் பாதி டிராக்டரில் அது துருப்பிடித்துத்தான் கிடக்கிறது.

நீ ஓட்டுவது பொசிஷன் லீவரில். கலப்பை ஒரே உயரத்தில் நிற்கும், மண் இறுகினாலும் இளகினாலும் அதே உயரம்தான். டிராஃப்டில் வைத்தால் மண் இறுகிய இடத்தில் இழுவை கூடியதும் டாப் லிங்க் (கலப்பையை வண்டியோடு சேர்க்கும் மேல் தண்டு) வழியாக ஹைட்ராலிக்குக்குச் செய்தி போகும், அது கலப்பையைக் கொஞ்சம் தூக்கப் பார்க்கும். தூக்கும்போது கலப்பையின் எடையும் அது வெட்டுகிற மண்ணின் அழுத்தமும் பின் சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். காசில்லாமல் கிடைக்கிற வெயிட் அது. மேஸி ஃபெர்குசன் என்கிற பெயரில் இருக்கிறாரே அந்த ஃபெர்குசன், அவர் செய்த வேலையே இதுதான். கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் மாட்டுகிற மூன்று முனை இணைப்புக்கு 1926-ல் காப்புரிமை வாங்கினார். கனமான டிராக்டர்தான் இழுக்கும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் லேசான வண்டியை வைத்து இழுத்துக் காட்டினார். நாம் அந்த லீவரில் தூக்குச்சட்டி மாட்டி வைத்திருக்கிறோம்.

கொழுவை மாற்று. உழவுக்குக் காற்றை 12, 13-க்கு இறக்கு. டிராஃப்டில் ஓட்டிப் பார். அதற்கு முன்னால் இப்போது எவ்வளவு சறுக்குகிறது என்று அளந்து வை. அளக்காமல் எனக்கு எழுதாதே.

கணக்கு வாத்தியார் | சனி, காலை 9.30

அளப்பது எப்படி என்று நான் சொல்கிறேன். பின் டயரில் ஒரு இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே காட்டில், அதே கியரில், சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று. இரண்டாவது தூரம் குறைவாக வரும். குறைந்த தூரத்தை முதல் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சறுக்கல் சதவீதம். உழவில் 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது. சறுக்கலே இல்லாவிட்டால் வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது, அந்தக் கனத்தைச் சுமந்துபோகவே டீசல் போகிறது என்று பொருள். 20-க்கு மேல் போனால் டயரும் டீசலும் மண்ணுக்குப் போகின்றன.

அடுத்து உங்கள் சிமெண்ட் வெயிட். 60 செ.மீ. விட்டம், 10 செ.மீ. கனம், நடுவில் 20 செ.மீ. ஓட்டை என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு சுமார் 25 லிட்டர். கான்கிரீட் லிட்டருக்கு 2.4 கிலோ. ஆக 60 கிலோதான் வரும், நூறு வராது. அதே அளவில் வார்ப்பிரும்பு என்றால் 180 கிலோ. நூறு கிலோ கான்கிரீட் வேண்டுமானால் 16, 17 செ.மீ. கனம் வேண்டும். அது ரிம்முக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கொடிக்கால் வேலியெல்லாம் உரசும்.

சும்மா பார்க்கிறேன் | சனி, காலை 9.41

சேலம் பக்கத்துக் கஞ்சமலைக் கல்லைப் போட்டு வார்த்தால்? அது இரும்புக் கல்லாச்சே.

கணக்கு வாத்தியார் | சனி, காலை 10.10

கஞ்சமலைக் கல் முழுக்க இரும்பல்ல. காந்தம் ஒட்டும் தாதுவும் படிகக் கல்லும் வரிவரியாகக் கலந்தது. சாதாரண ஜல்லியைவிடக் கனம் கூடும், உண்மைதான். ஆனால் அங்கே கடப்பாறையோடு போனால் வெயிட் வருவதற்கு முன் கனிமவளத் துறை ஜீப் வரும்.

குச்சிக்கிழங்கு | சனி, பகல் 12.25

சிமெண்ட் வெயிட் போட்டு அடிபட்டவன் நான்தான், ஆத்தூர் பக்கம். சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே யோசனை எனக்கும். உரம் வாங்கிய பெரிய டப்பாவில் வார்த்தேன். கம்பி போடவில்லை, வெறும் ஜல்லிக் கலவை. காய்ந்த பிறகு டிரில் போட்டு நாலு போல்ட் ஏற்றி மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, என் பையன் சிவப்புப் பெயிண்ட் கூட அடித்தான். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் டமார் என்று சத்தம். டிரெய்லர் கொக்கிதான் கழன்றது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வெயிட்டில் பாதி, அரை நிலா மாதிரி, ரோட்டில் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் போய் மோதி நின்றது. நல்லவேளை பெஞ்சில் ஆளில்லை. டீ குடிக்க வந்தவர் தம்ளரோடு எழுந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அப்புறம் உடைந்ததைப் பார்த்தேன். விரிசல் நாலு போல்ட் ஓட்டையிலிருந்தும் கிளம்பியிருந்தது. போல்ட்டை இறுக்க இறுக்க சிமெண்ட்டைத்தான் நசுக்கியிருக்கிறேன். செய்தே தீருவேன் என்றால் இரும்புத் தகட்டு வளையத்துக்குள் வார்க்க வேண்டும், உள்ளே கம்பி வலை கட்ட வேண்டும், போல்ட் போகிற இடத்தில் தடித்த குழாய்த் துண்டை வார்ப்புக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். போல்ட் இறுகுவது அந்தக் குழாயின் மேல், சிமெண்ட் மேல் அல்ல. ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும், 28 நாள் கழித்துத்தான் மாட்ட வேண்டும். தகடு, குழாய், வெல்டிங் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் வெயிட்டே வாங்கியிருக்கலாம்.

மேட்டுக்காடு | சனி, இரவு 8.15

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வீட்டிலும் படித்துக் காட்டினேன், சிமெண்ட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

இன்று அளந்தேன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று 38.4 மீட்டர். உழுதுகொண்டு 29.6. வாத்தியார் கணக்குப்படி 23 சதவீதம். பத்து அடி ஓட்டினால் இரண்டே கால் அடி சும்மா சுற்றியிருக்கிறேன், ஐந்து வருடமாக!

பஞ்சர் கடை | சனி, இரவு 9.00

இவ்வளவு பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. 13.6-28 டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒன்றுக்கு 160 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் முந்நூறு கிலோவுக்கு மேல். செலவு தண்ணீர்தான்.

மேட்டுக்காடு | சனி, இரவு 9.20

டியூபுக்குள்ளா அண்ணா? வெடிக்காதா? ஆக்சில் தாங்குமா?

பஞ்சர் கடை | ஞாயிறு, காலை 6.30

வெடிக்காது. முழுக்க நிரப்பினால்தான் ஆபத்து, காற்று இருக்க இடமில்லாமல் கல்லில் ஏறும்போது டயர் விறைத்து நிற்கும். முக்கால்தான் கணக்கு, அதற்கு அளவு பார்க்கவும் தேவையில்லை. வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டால், தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வரும்போது முக்கால் ஆகிவிடும், தானே வெளியே வழியும்.

முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, டயர் தரையை விட்டு விரல்கடை உயரம் மட்டும் நிற்கட்டும். ஜாக்கியை நம்பி மட்டும் விடக் கூடாது, ஏறப் போவது 160 கிலோ. வால்வை மேலே கொண்டுவந்து, ஊசியைக் கழற்றி, காற்றை முழுக்க விடுங்கள். தண்ணீர் ஏற்றுவதற்கென்றே ஒரு வால்வு முனை விற்கிறது, தண்ணீர் உள்ளே போகப் போகக் காற்றை வெளியே விடும். அது கிடைக்காவிட்டால் ஹோஸை வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, எடுத்து, காற்று புஸ்ஸென்று போனதும் மறுபடி வையுங்கள். மோட்டார் போட வேண்டாம், மாடித் தொட்டியின் அழுத்தமே போதும். ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், பீடி குடிப்பவர்களுக்கு நல்ல வேலை. வழிந்ததும் ஊசியை மாட்டி 12, 13-க்குக் காற்றடியுங்கள். இனிமேல் காற்றுப் பார்க்கும்போதெல்லாம் வால்வு உச்சியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டருக்குள் தண்ணீர் போய்விடும்.

வெளிநாட்டில் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அங்கே குளிரில் உறையாமல் இருக்க அது வேண்டும், கனமும் கூடும். நமக்கு வேண்டாம், ரிம்மைத் தின்றுவிடும். டியூப் இல்லாத டயர் என்றால் வெறும் போர் தண்ணீரே ரிம்மைத் துருவேற்றும். உங்களுடையது டியூப் டயர்தானே, பயமில்லை. ஒரே ஒரு தொல்லை, வேலமுள் ஏறினால் பஞ்சர் ஒட்டுபவன் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதற்குத் தனிக் கூலி வாங்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

லேத் பட்டறை | ஞாயிறு, காலை 7.15

ஆக்சில் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். டயருக்குள் இருக்கும் தண்ணீரும் சரி, டிஸ்க்கில் மாட்டும் வெயிட்டும் சரி, நேராக டயர் வழியாகத் தரைக்குப் போகின்றன. ஆக்சில் அவற்றைச் சுமப்பதில்லை. கலப்பையில் கட்டும் கல்லும் பம்பரில் வைக்கும் மூட்டையும்தான் ஆக்சில் மேல் வரும்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. சக்கரம் சறுக்குவது வீட்டில் ஃபியூஸ் மாதிரி. கலப்பை ஒரு பாறையில் மாட்டினால் லேசான வண்டி சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தப்பிக்கும். கனமான வண்டியில் சக்கரம் சுற்றாது, அந்த முறுக்கு முழுக்க கிளட்ச்சுக்கும் பின் சக்கரத்தைச் சுற்றுகிற ஃபைனல் டிரைவ் பல்லுக்கும் போகும். ஃபியூஸைத் தடிமனாக்கிவிட்டு வயர் எரிகிறதே என்று அழக் கூடாது. அதனால்தான் அளந்து போடு என்கிறேன், மலிவாகக் கிடைக்கிறது என்று அடைக்காதே.

காபித்தோட்டம் | ஞாயிறு, காலை 11.00

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட்டில் இருபது வருடமாக மேஸ்திரி வேலை. லேத் பட்டறை அண்ணன் சொன்ன ஃபியூஸ் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மழை முடிந்து சில்வர் ஓக் வெட்டியிருந்தோம். ஒரு துண்டத்தைச் சங்கிலி போட்டு மேட்டுக்கு இழுக்க வேண்டும். எங்கள் டிராக்டரில் பின் டயரில் தண்ணீரும் உண்டு, இரும்பு வெயிட்டும் உண்டு. பையன் சங்கிலியைக் கீழே டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம்) கட்டாமல், குனிய சோம்பல்பட்டு மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டிவிட்டான். மரத்தின் முனை ஒரு வேரில் மாட்டியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. டிரைவர் கிளட்ச்சை விட்டார். சக்கரம் சுற்றியிருந்தால் ஒன்றுமில்லை. சுற்றவில்லை, நல்ல பிடி. சக்கரம் நின்றுவிட்டது, வண்டியே சக்கரத்தைச் சுற்றி எழுந்தது. முன் சக்கரம் இரண்டும் என் மார்பு உயரத்துக்கு வந்ததைப் பார்த்தேன். அனுபவசாலி என்பதால் கிளட்ச்சை மிதித்துவிட்டார், தடாலென்று இறங்கியது. அதன் பிறகு அரை மணி நேரம் அவர் பேசவே இல்லை, காபிச் செடி ஓரமாக உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் எழுந்து திரும்ப முடியாத நிலைக்குப் போக முக்கால் நொடிதான் ஆகும் என்று அப்புறம் பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். மனிதன் யோசித்து மிதிப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது எங்கள் எஸ்டேட்டில் சட்டம் இது. டிராபாருக்கு மேலே எதையும் கட்டக் கூடாது. பின்னால் வெயிட் கூட்டினால் முன்னால் பம்பர் வெயிட்டும் பார்க்க வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் கம்பி வளைவு இருக்கிற வண்டியில் பெல்ட் போடாமல் ஏறக் கூடாது.

இன்னொன்று, இறக்கம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் பாதையும் சளைத்ததல்ல. முந்நூறு கிலோ கூடினால் அதையும் சேர்த்துத்தான் பிரேக் நிறுத்த வேண்டும். ரோட்டில் இடது, வலது சக்கரத்து பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், கிளட்ச்சை மிதித்தபடி உருள விடாதீர்கள்.

மேட்டுக்காடு | ஞாயிறு, மாலை 6.40

ஐயா, படித்துவிட்டுப் போய் எங்கள் வண்டியைப் பார்த்தேன். சங்கிலி எங்கே கட்டுவோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலேதான்.

குச்சிக்கிழங்கு | ஞாயிறு, இரவு 7.30

தண்ணீர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரை நினைத்தபோது கழற்ற முடியாது. இரும்பு வெயிட் என்றால் உழவு முடிந்ததும் கழற்றி வைக்கலாம். மழை பெய்த மூன்றாம் நாளே காட்டில் இறங்குகிற ஆட்கள் நாம். ஈர மண்ணில் அந்தக் கனத்தோடு ஓடினால் மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் தட்டு மாதிரி இறுகிப் போகும். காற்றைக் குறைத்தால் மேல்மண் பிழைக்கும், அடிமண் சக்கரம் வழியாக மொத்தம் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதைத்தான் பார்க்கும். குச்சிக்கிழங்குக்கு அது ஆகவே ஆகாது. கிழங்கு கீழே இறங்க முடியாமல் குட்டையாக, கோணல்மாணலாக வரும். மில்லில் எடைமேடையில் நிற்கும்போது தெரியும் வித்தியாசம்.

லேத் பட்டறை | ஞாயிறு, இரவு 8.10

அவர் சொல்வது சரி. ஆனால் தம்பி காடு சரளை, மழை நின்ற மறுநாளே வடிந்துவிடும். ஆத்தூர் வண்டல் வேறு. வீட்டில் இரும்பு மாட்டுவதும் விளையாட்டல்ல. 45 கிலோ தட்டு காலில் விழுந்தால் செருப்போடு விரலும் போகும். சக்கரம் தரையில் நிற்க வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், தட்டைத் தூக்காமல் பலகை மேல் உருட்டிச் சாய்க்க வேண்டும். 8.8 என்று தலையில் அடித்த போல்ட்தான், சாதாரண போல்ட் அறுந்துவிடும். பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு இறுக்கு.

கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 6.00

எடைமேடை என்றதும் நினைவு வந்தது. டிராக்டரை முழுதாக ஒரு முறை, பின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறை நிறுத்துங்கள். கழித்தால் முன் எடை. முன் சக்கரத்தில் மொத்த எடையில் கால் பங்காவது இருக்கட்டும், கலப்பையைத் தூக்கிய நிலையிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டாம். கீழே போனால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

மேட்டுக்காடு | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

ஒரு வாரம் எழுதாததற்கு மன்னிக்கவும். செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

திங்களன்று ஒன்பது கொழுவும் மாற்றினேன். காற்று 13. டிராஃப்ட் லீவர் அசையவே இல்லை, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன், காலையில் கீச்சென்று கத்திக்கொண்டு நகர்ந்தது. முதல் நாள் கலப்பை மேலும் கீழும் ஆடியது, உழவு அலையடித்த மாதிரி வந்தது, அப்பா வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். லீவரை எங்கே நிறுத்துவது என்று பிடிபட அரை நாள் ஆனது. பிறகு அளந்தால் 38.4-க்கு 31.3. அதாவது 18.5 சதவீதம். ஒரு கிலோ கூடச் சேர்க்காமல் நாலரை சதவீதம் குறைந்துவிட்டது. அண்ணா, இங்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

வியாழன் எடைமேடை. மொத்தம் 1,860. பின்னால் 1,190, முன்னால் 670.

சனிக்கிழமை தண்ணீர். பஞ்சர் கடை அண்ணன் சொன்ன ஒரு மணி நேரம் எங்களுக்கு இரண்டரை மணி நேரமானது. ஹோஸ் முனை வால்வில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினோம். டயரில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் குடத்தில் விழுவது போல் கேட்கிறது. என் பெண் அதைக் கேட்பதற்காகவே இரண்டாவது சக்கரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி எடைமேடை, 2,190. முந்நூற்று முப்பது கிலோ ஏறியிருக்கிறது. முன்னால் அதே 670, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இன்று ஏற்றத்தில் ஓட்டினேன். சும்மா 38.2 மீட்டர், உழவில் 33.0. 13.6 சதவீதம்.

டயர் போன தடத்தையும் பார்த்தேன். முன்பு தடம் வழித்துவிட்ட மாதிரி இருக்கும், பட்டன் அச்சே தெரியாது. இப்போது நடுவில் அச்சு தெரிகிறது, ஓரத்தில் மண் கொஞ்சம் உடைந்து தள்ளியிருக்கிறது.

லேத் பட்டறை | அடுத்த ஞாயிறு, இரவு 8.50

அந்தத் தடம்தான் சரி. அச்சு செதுக்கி வைத்த மாதிரி முழுசாக விழுந்தால் கனம் அதிகம் என்று வைத்துக்கொள். இதோடு நிறுத்து தம்பி, இரும்பு வேண்டாம். டிரெய்லர் மாட்டும்போது காற்றை ஏற்று, உழவுக்கு இறக்கு, சோம்பல்படாதே.

சும்மா பார்க்கிறேன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.05

டீசல் எவ்வளவு மிச்சம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மேட்டுக்காடு | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

ஒரு நாள் ஓட்டியதை வைத்து எப்படிச் சொல்வது? கிழக்கு மூலை ஏற்றம் முன்பு ஒன்றரை மணி நேரம் இழுக்கும், இன்று ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்தது. டீசல் கணக்கை இந்தப் பட்டம் முழுக்க எழுதி வைத்துச் சொல்கிறேன்.

காபித்தோட்டம் ஐயாவுக்கு: சங்கிலியைக் கழற்றி டிராபாரில் மாட்டியாயிற்று. மேலே மாட்டும் ஓட்டையில் பையன்கள் மறந்து மாட்டாமல் இருக்க ஒரு மரக்கட்டையை அடித்து வைத்திருக்கிறேன்.

காபித்தோட்டம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.42

நல்லதுங்க. கட்டைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

குச்சிக்கிழங்கு | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

பெயிண்ட் என்னிடம் மிச்சமிருக்கிறது. அது சரி, அந்த இரண்டு மூட்டை சிமெண்ட் என்ன ஆயிற்று?

மேட்டுக்காடு | அடுத்த ஞாயிறு, இரவு 10.05

துவைக்கிற கல்லுக்கு மேடை கட்டியாயிற்று. ஒரு மூட்டையில் அடி கட்டியாகிவிட்டது, கிணற்றடியில் போட்டிருக்கிறேன். நாய் இப்போது அதன் மேல்தான் படுக்கிறது.